மாவீரர் துயிலும் இல்லங்கள்

இலங்கை உள்நாட்டுப் போரில் (1983–2009) உயிரிழந்த தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கப் போராளிகளுக்காக, அவ்வியக்கம் வடக்கிலும் கிழக்கிலும் அமைத்த கல்லறைத் திடல்கள் மாவீரர் துயிலும் இல்லங்கள் எனப்படுகின்றன. கோப்பாய், கொடிகாமம், எள்ளங்குளம் (யாழ்ப்பாணம்), கனகபுரம், முழங்காவில் (கிளிநொச்சி), தேராவில், முள்ளியவளை, அளம்பில், வன்னிவிளாங்குளம் (முல்லைத்தீவு), ஈச்சங்குளம் (வவுனியா), ஆட்காட்டிவெளி (மன்னார்), தாண்டியடி, தரவை (மட்டக்களப்பு), கஞ்சிகுடிச்சாறு (அம்பாறை) ஆகியவை இவற்றுள் அறியப்பட்டவை.

மரபு

போரில் மடிந்தவனுக்குக் கல் நட்டு வழிபடுவது தமிழரின் தொன்மையான வழக்கம். தொல்காப்பியப் புறத்திணையியல் அதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆநிரைப் போரில் இறந்த ஒருவனுக்கு நடப்பட்டது. பிற்காலக் கற்கள் செங்கம் வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. வீரனின் பெயர், ஊர், அவன் மடிந்த பூசல் ஆகியவற்றைப் பொறிப்பது இக்கற்களின் பொது இயல்பு. இயக்கம் தன் நினைவுக்கற்களுக்கும் நடுகல் என்றே பெயரிட்டு இம்மரபைத் தனதாக்கிக்கொண்டது.

இல்லங்களின் கட்டமைப்பு வேறு வழியில் வந்தது. ஒரே அளவில் நேர்வரிசையில் நின்ற கற்களும் நடுவே உயர்ந்த மேடையும் இரண்டாம் உலகப் போர்க்காலக் காமன்வெல்த் கல்லறைகளை நினைவூட்டின. அத்தகைய கல்லறைகள் திருகோணமலையிலும் சென்னை நந்தம்பாக்கத்திலும் புனேயின் கிர்க்கியிலும் உள்ளன.

தோற்றம்

இயக்கத்தின் முதல் களச்சாவாகக் கருதப்படுவது லெப். சங்கர் (சத்தியநாதன்) 1982 நவம்பர் 27 அன்று இறந்தது. தொடக்க ஆண்டுகளில் உடல்களுக்குக் குடும்ப வழக்கப்படியே கடன் செய்யப்பட்டது. 1987 அக்டோபரில் சயனைட் அருந்தி இறந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட இயக்கப் போராளிகள் பன்னிருவர் வல்வெட்டித்துறைத் தீருவிலில் எரியூட்டப்பட்டனர். அதற்குச் சில நாட்கள் முன்பு நல்லூரில் உண்ணாநோன்பிருந்து இறந்த திலீபனின் உடல் யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கு வழங்கப்பட்டது. இந்திய அமைதிப்படைக் காலத்தில், 1989 நவம்பர் 27 அன்று, மணலாற்றுக் காட்டில் முதல் மாவீரர் நாள் கடைப்பிடிக்கப்பட்டது.

உடல்களை மண்ணில் விதைக்கும் முறை 1991இல் கோப்பாயில் தொடங்கியது. எரியூட்டுவதே வழக்கமாக இருந்த சைவக் குடும்பங்கள் அடக்கத்தை ஏற்றுக்கொண்டது யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒரு பெரிய மாற்றம். சாதிக்கொரு சுடுகாடு இருந்த மண்ணில் எல்லாச் சாதியினரும், சைவரும் கிறித்தவரும், ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் கிடத்தப்பட்டனர். 1987 அக்டோபர் 10 அன்று இயக்கத்தின் பெண் போராளிகளுள் முதலில் களத்தில் மடிந்த 2ஆம் லெப். மாலதி வீழ்ந்ததும் இதே கோப்பாயில்தான்.

வகையும் அமைப்பும்

இல்லங்களில் இருந்த கற்கள் இரு வகை. வித்துடல் (போராளியின் உடல்) அடக்கப்பட்ட இடத்தில் எழுப்பப்பட்டது கல்லறை. கடலிலும் எதிரிப் பகுதியிலும் மடிந்து உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கப்பட்டது நடுகல். இரண்டிலும் தரநிலை, இயக்கப் பெயர், இயற்பெயர், ஊர், வீரச்சாவு அடைந்த நாள் ஆகியவை பொறிக்கப்பட்டன. தரநிலைகள் வீரவேங்கை, 2ஆம் லெப்ரினன்ட், லெப்ரினன்ட், கப்டன், மேஜர், லெப். கேணல் என உயர்ந்து சென்றன. நடுவே பொதுச்சுடர் மேடை இருந்தது. பராமரிப்பை மாவீரர் பணிமனை பார்த்துக்கொண்டது.

மாவீரர் நாளில் மாலை 6.05க்கு மணி ஒலிக்கும். 6.06க்கு அகவணக்கம். 6.07க்குப் பொதுச்சுடரும், அதே நொடியில் ஒவ்வொரு கல்லின் முன்னும் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் ஏற்றும் ஈகைச்சுடர்களும் எரியும். அப்போது புதுவை இரத்தினதுரை எழுதிய துயிலும் இல்லப் பாடல் இசைக்கப்படும். நவம்பர் மாதத்தில் பூக்கும் கார்த்திகைப்பூ கல்லறைகளில் வைக்கப்படும்.

இயக்கத்தின் கணக்குப்படி 2008 இறுதிக்குள் மாவீரர் எண்ணிக்கை 22,000ஐக் கடந்தது. அவர்களுள் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் இருந்தனர். சிறார் சேர்ப்பை யுனிசெப் தொடர்ந்து பதிவுசெய்து கண்டித்தது. இயக்கத்தால் கொல்லப்பட்ட டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எப். முதலிய பிற தமிழ் இயக்கத்தினருக்கு இத்திடல்களில் இடம் இல்லை.

அழிப்பு

1995இல் இராணுவம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் கோப்பாய், கொடிகாமம், எள்ளங்குளம் கல்லறைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு கோப்பாய் இல்லம் மீண்டும் கட்டப்பட்டது. உடைந்த பழைய கற்களின் துண்டுகள் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2007இல் கிழக்கும் 2009இல் வன்னியும் வீழ்ந்தபின் ஏனைய இல்லங்களும் புல்டோசர்களால் அழிக்கப்பட்டன. கோப்பாயில், உடல்கள் கிடந்த மண்ணின் மேலேயே, இராணுவத்தின் 51ஆம் படைப்பிரிவுத் தலைமையகம் 2011 மார்ச்சில் திறக்கப்பட்டது. பகைவனின் பிணத்துக்கும் உரிய மதிப்புண்டு என்னும் போர் அறம் இங்கே மீறப்பட்டது.

இதே போரில் மடிந்த ஏனைய படையினருக்கான நினைவிடங்கள் பேணப்படுகின்றன. அரச படையினருக்குப் பத்தரமுல்லையிலும் ஆனையிறவிலும் சின்னங்கள் உள்ளன. 1987இல் இறங்கிய இந்திய அமைதிப்படை ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. அவர்களுக்குப் பலாலியிலும் பத்தரமுல்லையிலும் நினைவுச்சின்னங்கள் நிற்கின்றன. பிள்ளையை இழந்த தமிழ்த் தாய்க்கு அழுவதற்கு ஓர் இடம் மறுக்கப்பட்டதே இப்பொருளின் மையக் கேள்வி. அவள் பிள்ளை எந்தக் கொடியின் கீழ் நின்றான் என்பதைப் பொறுத்து அவளுடைய உரிமை கூடவோ குறையவோ முடியாது.

இன்றைய நிலை

2016 முதல் கனகபுரம் உள்ளிட்ட பல இடங்களில் உறவினர்கள் புதர் அகற்றி, சிதறிய கல் துண்டுகளைக் குவித்து, நவம்பர் 27இல் சுடர் ஏற்றி வருகின்றனர். படைமுகாம் உள்ள இடங்களில் அருகிலுள்ள காணிகளில் நினைவேந்தல் நடைபெறுகிறது.