கூடையும் பண்டகசாலையும்

ஊவா மலைத் தோட்டங்களில் தொழிலாளர் தேயிலைத் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்றே வழங்குவர். சரக்கைச் சேர்த்து வைக்கும் இடத்துக்குரிய ஆங்கிலச் சொல், சரக்கை ஆக்கும் இடத்துக்குப் பெயராகிவிட்டது. இதிலே ஒரு வரலாற்று உண்மை பொதிந்திருக்கிறது. தோட்டப் பொருளாதாரத்தில் விளைவித்தல் பாதி. சேர்த்தலும் காத்தலும் கொண்டுசெல்லலும் மறுபாதி. அம்மறுபாதியை யார் கைக்கொண்டனரோ அவரே முழுவதையும் ஆண்டனர்.

கோப்பிக் காலத்தில் மலையின் விளைவு தலைச்சுமையாகவும் மாட்டுவண்டியிலும் இறங்கிற்று. வண்டிக்கூலி துரைமாரின் இலாபத்தை அரித்தது. ஆகவே அவர்கள் புகையிரதம் வேண்டுமென்று குரலெழுப்பினர். 1867இல் கண்டியை அடைந்த இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. தெமோதரையில் அப்பாதை குன்றைச் சுற்றி வந்து தன் கீழேயே நுழைந்து செல்கிறது. இத்துணை அரிய வேலை மலைமக்களின் பயணத்துக்காகத் திட்டமிடப்பட்டதன்று. தோட்டத்துச் சரக்கைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்ப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது.

தேயிலை வந்தபின் இயந்திரம் ஸ்டோருக்குள்ளும் புகுந்தது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அப்பால் தம்பேதன்னையில் எழுப்பிய தொழிற்சாலையைப் போன்ற கட்டடங்களின் அமைப்பே இதனை உணர்த்தும். மேல்மாடியில் கொழுந்து வாடும். வாடியது கீழே இறங்கி உருளைகளில் அரைபட்டு, சூளையில் காய்ந்து, சல்லடையில் தரம் பிரியும். செங்குத்தான மலைகளில் கொழுந்து மூட்டைகள் கம்பிவழியே கீழே இறக்கப்பட்டன. இவ்வாறு சரக்கின் நடமாட்டம் முழுவதும் ஒரே ஓட்டமாக இணைக்கப்பட்டது.

இவ்விணைப்புக்கு வலுவான காரணம் உண்டு. பறித்த கொழுந்து காத்திராது. உரிய வேளையில் ஸ்டோரை அடையாவிடில் கெட்டுப்போகும். ஆனால் ஆக்கிய தேயிலையோ மாதக்கணக்கில் காத்திருக்கும். 1883இல் கொழும்பில் ஏலவிற்பனை தொடங்கிய பின்னர் பண்டகசாலையில் இருக்கும் தேயிலை விலைக்காகப் பொறுத்திருக்கலாயிற்று. காத்திருக்கும் வல்லமை முதலுக்குக் கிட்டியது. அன்றாடம் உண்ணவேண்டிய தொழிலாளிக்கு அது கிட்டவில்லை.

எனினும் கொழுந்து காத்திராது என்பதே தொழிலாளியின் ஆயுதமுமாகும். 1940இல் பதுளைக்கு அணித்தான வேவெஸ்ஸ தோட்டத்தில், லங்கா சமசமாஜக் கட்சியினரின் சங்கத்தின் கீழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தம்முள் ஒரு சபையையும் தெரிந்தெடுத்தனர். பொலிஸ் அடக்குமுறை அப்போராட்டத்தை நசுக்கியது. ஆயினும் கைகள் ஓய்ந்தால் மாடியும் உருளையும் சூளையும் ஓய்ந்துவிடும் என்ற பாடம் அழியவில்லை.

இன்று அச்சங்கிலியின் மறுமுனை விரைந்து மாறிவருகிறது. தேயிலையிலிருந்து தண்டைப் பொறுக்கிய பெண்களின் இடத்தை நிறத்தைக் கண்டு பிரிக்கும் மின்னணு இயந்திரம் பிடித்திருக்கிறது. உலோகத்தாள் வேய்ந்த பலகைப் பெட்டிகள் மறைந்து கடதாசிப் பைகள் வந்துள்ளன. ஆள்தோள் சுமந்ததைப் பாரந்தூக்கி சுமக்கிறது. 2020இல் ஏலமும் கணினித் திரைக்குள் சென்றது. 2025இல் கொழும்புத் துறைமுகத்தில் தானியங்கி முறையிலான மேற்குக் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. பொருளை வைக்கும் இடமும் நகர்த்தும் வேகமும் போட்டியின் களமாகிவிட்டன.

ஆனால் சங்கிலியின் முதற்கண்ணியோ? அங்கே பெரும்பாலும் பெண்ணின் விரல்களும் முதுகுக் கூடையும் அட்டையும் மழையுமே இருக்கின்றன. கொழும்பிலே ஒரு பை தேயிலையின் இருப்பைக் கணினி நொடியிற் காட்டும். மலையிலே நிறுவையின்போது கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்ற பழைய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டுவதற்கு 2021ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்தது.

இயந்திரத்தைப் பகைப்பது எமது நோக்கமன்று. மனிதத் தோளிலிருந்து சுமையை இறக்கும் எக்கருவியும் வரவேற்கத்தக்கதே. எந்தத் தோளிலிருந்து முதலில் இறக்குவது, மிஞ்சும் செல்வத்தை யாருக்குப் பங்கிடுவது என்பவற்றை இயந்திரம் தீர்மானிப்பதில்லை; அதனை உடையவர் தீர்மானிக்கின்றனர். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகச் சரக்கின் பயணம் எளிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. சரக்கை விளைவிப்போரின் வாழ்வு அவ்வேகத்தில் எளிதாகவில்லை. இப்புதிய இயந்திரங்களைப் பற்றிப் பாடம் சொல்லும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் முதலில் எழுப்பவேண்டிய வினா இதுவே.