ஐவர் ஆடும் ஆசியக் கிண்ணம்



தோட்டத்துத் திடலில் பதினொருவர் சேராத மாலை வேளையில் பிள்ளைகள் சும்மாவா இருப்பார்கள்? லயத்துக்கு முன்னே இருக்கும் கொஞ்ச இடத்தில், செருப்புகளைக் கோல் கம்பமாக வைத்து, பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஏறக்குறைய இதே ஆட்டத்தை நாடுகள் கிண்ணத்துக்காக ஆடுகின்றன. அதன் பெயர் ஃபுட்சால். ஆசிய நாடுகளின் ஆடவர் குழுக்களுக்கான ஃபுட்சால் போட்டி 1999-ஆம் ஆண்டில் முதன்முதலாக நடந்தது நம் கோலாலம்பூரில்தான்.

ஆட்டம் பிறந்தது நமக்கு வெகு தொலைவில். உருகுவே நாட்டு மொந்தேவீடியோ நகரில், 1930-ஆம் ஆண்டில், ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், கிறிஸ்துவ இளைஞர் சங்கக் கூடத்தில் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கியும் ஆடும்படி இதற்கு விதிகளை வகுத்தார். அதே ஆண்டில் உருகுவே உலகக் கிண்ணத்தை வென்றிருந்ததால், நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பந்துப் பைத்தியம்! ஐந்து பேர் என்பதைக் கூடைப்பந்திலிருந்தும், சிறிய கோலைக் கைப்பந்திலிருந்தும் அவர் எடுத்துக்கொண்டார். இன்றைய அனைத்துலக ஆட்டக்களத்தின் நீளம் ஏறக்குறைய 40 மீட்டர், அகலம் 20 மீட்டர். பந்து சிறியது, அதிகம் துள்ளாது. ஆகவே உயரத் தூக்கி அடிப்பவனுக்கு இங்கே வேலையில்லை. காலடியில் பந்தை அடக்கத் தெரிந்தவனே பிழைப்பான்.

கோலாலம்பூர் இறுதியாட்டத்தில் ஈரான் தென்கொரியாவை 9–1 என்ற கணக்கில் வென்றது. அத்தோடு நிற்கவில்லை. 2005 வரை ஆண்டுதோறும் நடந்த ஏழு போட்டிகளிலும் கிண்ணம் ஈரானுக்கே போயிற்று.

ஏன் ஈரான்? அந்நாட்டு நகரங்களில் திடல்கள் குறைவு, சந்துகள் அதிகம். அங்கே பிள்ளைகள் ஆடுவதை 'கோல் கூச்சிக்', அதாவது சிறிய கோல் என்பார்கள். தோல் பந்து வாங்க வசதியில்லாதவர்கள் மலிவான பிளாஸ்டிக் பந்தைக் கீறி, அதற்குள் இன்னொன்றைச் செருகுவார்கள். இரண்டு தோல் சேர்ந்ததும் பந்துக்குக் கனம் கூடும், காற்றில் பறக்காது. ஃபுட்சால் பந்தின் குணமும் அதுதானே! சட்டப் புத்தகம் வந்து சேருமுன்பே கால்கள் பழகிவிட்டன. 1992-இல் ஹாங்காங்கில் நடந்த உலகப் போட்டியிலேயே ஈரான் நான்காம் இடம் பெற்றது.

ஆனால், சந்து மட்டுமே கிண்ணம் தந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஜப்பானைப் பாருங்கள். இறுதியாட்டங்களில் ஈரானிடம் தோற்றுத் தோற்றே பாடம் படித்து, 2006-இல் தாஷ்கந்து நகரில் முதல் கிண்ணத்தை வென்றது. மறு ஆண்டே உள்நாட்டில் நிரந்தர லீக் போட்டியை அமைத்தது. மிகேல் ரோத்ரிகோ என்ற ஸ்பானியப் பயிற்றுநரின் கீழ் 2012, 2014 ஆகிய இரு முறையும் கிண்ணம் அதன் கைக்கு வந்தது. 2014-இல் ஈரானுடன் 2–2 எனச் சமநிலை கண்டு, பெனால்டியில் வென்றது. 2022-இல் குவைத்திலும் ஜப்பானே வென்றது. 2024 வரை நடந்த 17 போட்டிகளில் ஈரானுக்கு 13, ஜப்பானுக்கு 4. வேறு எவரும் கிண்ணத்தைத் தொட்டதில்லை. நம் அண்டை நாடான தாய்லாந்து மூன்று முறை இறுதியாட்டம் வரை வந்து ஏமாந்தது. முதல் போட்டியை நடத்திய நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

ஈரானின் பெயர் ஆசியாவோடு நிற்கவில்லை. 2016-இல் கொலம்பியாவில் நடந்த உலகக் கிண்ணத்தில், பிரேசிலை 4–4 எனச் சமன் செய்து பெனால்டியில் வெளியேற்றியது. தோற்ற பக்கத்தில் ஃபல்காவோ என்ற மாபெரும் ஆட்டக்காரர். அதுவே அவருடைய கடைசி உலகக் கிண்ணம். வென்ற ஈரானியர்கள் தங்கள் கொண்டாட்டத்துக்கு நடுவே அவரைத் தூக்கி மேலே வீசி மரியாதை செய்தார்கள். போட்டி முடிந்தபோது ஈரானுக்கு உலகில் மூன்றாம் இடம்.

அந்நாட்டுக்காக 300-க்கும் அதிகமான கோல்களை அடித்தவர் வஹீத் ஷம்சாயி. 2024-இல் பேங்காக் நகரில், சொந்த மண்ணில் ஆடிய தாய்லாந்தை ஈரான் 4–1 என வென்று 13-ஆவது கிண்ணத்தைத் தூக்கியபோது, களத்தின் ஓரத்தில் பயிற்றுநராக நின்றிருந்தவரும் அவரே.