கடைசித் தண்ணீரும் கண்மாய் வண்டலும்

இந்தியாவின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழப் பாதி இன்றும் வானம் பார்த்த பூமிதான். அங்கே விளைச்சலைக் கூட்டுவது பற்றிப் பேச்செழுந்தால் புது ரக விதை, சொட்டுநீர், ஆழ்துளைக் கிணறு என்று யோசனைகள் வரிசைகட்டும். ஒவ்வொன்றிலும் பயன் உண்டு. ஆனால் மழையை நம்பமுடியாத சீமையில் வெள்ளாமை செய்வது எப்படி என்ற கேள்விக்கு நம் முன்னோர் விடை கண்டு, பல நூற்றாண்டுகள் அதை நடத்தியும் காட்டினார்கள். பழைய இராமநாதபுரம் சீமையே அதற்குச் சான்று. அந்த மண்ணில் வற்றாத ஆறு கிடையாது. அங்கே ஏரியைக் கண்மாய் என்பார்கள்; மேலூர்க் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அதுவே கீழூர்க் கண்மாய்க்கு வரத்து. வைகை கூடத் தன் தண்ணீரைக் கண்மாய்களுக்குப் பகிர்ந்துவிட்டு, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடிகிற ஆறுதான். இராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரையும் பறந்து கடக்காது, அதற்கு நாற்பத்தெட்டு மடை என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொல்வழக்கே உண்டு. இந்த ஏற்பாடு சீர்கெட்டதற்கு மழை பொய்த்ததைக் காரணமாகச் சொல்கிறோம். ஊர் ஒற்றுமை போனதைச் சொல்கிறோம். வரலாறு காட்டும் காரணம் வேறு. கண்மாயைப் பேணுகிறவர்களுக்கென்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த ஆதாயத்தை அரசு எடுத்துக்கொண்டது. பேணும் வேலையை மட்டும் அவர்கள் தலையில் விட்டுவைத்தது. ஒரு முறையல்ல, இரண்டு முறை இது நடந்தது.

கண்மாய்ப் பாசனம் என்றதும் காவிரிப் படுகையைப் போல நாற்று நட்டது முதல் அறுப்பு வரை தண்ணீர் பாய்வதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இராமநாதபுரத்து விவசாயி புரட்டாசியில் காய்ந்த நிலத்தை உழுது புழுதியிலேயே நெல்லை விதைப்பார். ஐப்பசி மழையில் அது முளைத்து, கார்த்திகை மழையில் வளரும். மார்கழியில் வானம் வெளுத்துவிடும். பயிர் அப்போதுதான் பொதியில் இருக்கும் அல்லது பால் பிடிக்கும். அந்த நேரத்தில் ஒரு தண்ணீரோ இரண்டு தண்ணீரோ கிடைத்தால் களத்துக்கு நெல் வரும். கிடைக்காவிட்டால் வைக்கோலும் பதரும்தான். அந்தக் கடைசித் தண்ணீரைக் காத்து வைப்பதே கண்மாயின் முதல் வேலை. வண்டல் தருவது இரண்டாவது வேலை. வரத்துக்கால் வழியே மேட்டு நிலத்தின் மேல்மண்ணும் இலைதழையும் ஆட்டுமாட்டுச் சாணமும் அடித்துவரப்பட்டுக் கண்மாயில் படியும். பழைய குமிழித் தூம்பைப் பார்த்தால் இதை எவ்வளவு கவனத்தோடு கணக்கிட்டிருக்கிறார்கள் என்பது விளங்கும். அது கரையிலிருந்து தள்ளி, நீர்ப்பரப்புக்குள் நிற்கும் கல்தொட்டி. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே நிற்கும் தண்டைத் தூக்கினால் மேலே உள்ள நீரோடித் துளை வழியே தண்ணீர் இறங்கும். அடியில் உள்ள சேறோடித் துளைகள் கலங்கல் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். வயலுக்குத் தண்ணீரும் உரமும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தன. எஞ்சிய வண்டலைக் கோடையில் வெட்டி வண்டியில் ஏற்றி நிலத்தில் கொட்டினார்கள். நிலம் உரம்பெற்றது, கண்மாய் ஆழம்பெற்றது. தூர் வாருவதும் எருவிடுவதும் இரண்டு வேலையாக இருக்கவில்லை.

இதெல்லாம் நல்லெண்ணத்தால் மட்டும் நடந்துவிடவில்லை. கல்வெட்டுகளைப் படித்தால் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஒரு வருமானம் நிற்பது தெரியும். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் அறிவோம். அந்தத் தேர்தலில் அமர்த்தப்பட்ட குழுக்களில் ஏரி வாரியமும் ஒன்று என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏரியைப் பராமரிக்க விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி. அதற்கென்று திரட்டிய வரி ஏரி ஆயம். மீன் குத்தகைப் பணமும் பல ஊர்களில் ஏரிக்கே போனது. குழி வெட்டி மண்ணெடுத்துக் கரையில் இடுவதற்கென்று தனியாக அறக்கொடைகள் உண்டு. இராயலசீமையில் ஏரி வெட்டியவருக்கும் பழுது பார்த்தவருக்கும் தசபந்த இனாமாக நிலம் கொடுத்தார்கள். பாண்டி நாட்டு ஊர்களில் மடை திறந்து ஒவ்வொரு வயலுக்கும் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிய நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் அளந்தார்கள். மானிய நிலமும் இருந்தது. விளைச்சல் பெருகினால் அவர் பங்கும் பெருகும். ஆகவே கடைமடை வயல் காய்ந்தால் அது அவருக்கும் நட்டம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வரித்துறை இந்தப் பங்குகளைத் தனக்கு வரவேண்டிய வருவாயில் ஏற்பட்ட ஓட்டையாகவே கண்டது. செங்கல்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை பொறியாளர் பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பில், ஊர்ப்பணிகளுக்கென விளைச்சலிலிருந்து எத்தனை பங்குகள் பிரிக்கப்பட்டன என்பது ஊர்வாரியாகப் பதிவாகியிருக்கிறது. அடுத்த அரை நூற்றாண்டில் வந்த ரயத்துவாரி ஏற்பாட்டில் அரசு ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாகக் காசாக வரி வாங்கத் தொடங்கியதும், களத்தில் பங்கு பிரிக்கும் பழக்கம் நிலைகுலைந்தது. 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் மானிய நிலங்களை ஆராய்ந்து, பலவற்றை வரி கட்டும் தனிச் சொத்தாக மாற்றியது. நிலத்தோடு ஒட்டியிருந்த கடமை அதோடு கழன்றது. பொதுப்பணிகளை ஆராய அமர்த்திய ஆணையமே 1852-இல் சென்னை மாகாணத்துப் பாசன ஏரிகளின் சீர்கேட்டை எழுதிவைத்திருக்கிறது. அதற்கு அரசு கண்ட மருந்து 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரார் வந்து அடைக்கவேண்டும், வழக்கமான மராமத்து வேலையையும் செய்யவேண்டும், தவறியவர் தண்டம் கட்டவேண்டும் என்றது அது. ஊராரே கண்மாயைப் பேணும் குடிமராமத்து என்று இன்று நாம் பெருமையோடு சொல்வது சட்டப் புத்தகத்தில் ஏறியது இந்த வடிவத்தில்தான். கொடுத்துவந்த பங்கைப் பிடுங்கிக்கொண்டு, வேலையை மட்டும் சட்டம் போட்டுக் கேட்டால் யார் வருவார்கள்? தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை இந்த மாகாணத்தைச் சூறையாடிய பிறகே, 1883-இல் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. அது நல்ல பணி. ஏரி ஏரியாக அளந்து ஆவணமும் ஆக்கினார்கள். ஆனால் கரையும் கலுங்கும் மட்டுமே அதன் கணக்கில் வந்தன. கண்மாயைக் காப்பவர் எதைக்கொண்டு பிழைப்பார் என்பது எந்தத் திட்டத்திலும் இடம்பெறவில்லை.

விடுதலைக்குப் பிறகு 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் கண்மாய்கள் பாழ்பட்ட நிலையிலேயே அரசின் கைக்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் பாசன நிலம், அதாவது ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஒரே சங்கிலியில் மேல் கண்மாய் ஒரு துறையிடமும் கீழ்க் கண்மாய் இன்னொரு துறையிடமும் இருந்தால் வரத்துக்காலைச் சீர்செய்வது யார் பொறுப்பு என்பது இன்றுவரை தீராத வழக்கு. இரண்டாவது பறிப்பு விடுதலைக்குப் பிந்தைய இந்தக் காலத்தில்தான் நடந்தது. 1959-ஆம் ஆண்டின் சிறுகனிம விதிகளின்கீழ் கண்மாய் வண்டல் அனுமதி கேட்டு எடுக்கவேண்டிய பொருளாயிற்று. விதியின் நோக்கம் மண் கொள்ளையைத் தடுப்பது. அந்தத் தேவை உண்மையானது. ஆனால் பத்து வண்டி வண்டலை வயலில் கொட்ட நினைத்த சிறு விவசாயி அலுவலகப் படி ஏறவேண்டியதாயிற்று. அதே காலத்தில் மூட்டை உரம் மானிய விலையில் வாசலுக்கே வந்தது. வண்டலைத் தேடிப் போகும் காரணம் அற்றுப்போனதும் கண்மாய் மேடேறியது. மேடேறிய இடத்தில் சீமைக்கருவேலம் வேர்பிடித்தது.

கிணறும் மின்மோட்டாரும் இருக்கும்போது கண்மாய் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1960-களில் தமிழகத்தில் ஒன்பது லட்சம் ஹெக்டேரளவுக்கு இருந்த ஏரிப்பாசனம் இன்று பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கிணற்றுப்பாசனம் மொத்தப் பாசனத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. 1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுவதும் இலவசமானது இதை விரைவுபடுத்தியது. கிணறு பலரை வாழவைத்தது என்பதை மறுக்கமுடியாது. ஆனால் மாநிலத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். அங்கே கிணற்றில் ஊறுவது பக்கத்துக் கண்மாயில் நின்ற தண்ணீர்தான். கண்மாய் வறண்ட ஊரில் கிணறு ஆழமாகிக்கொண்டே போகும்; வட்டிக்குக் கடன் வாங்கி ஆழப்படுத்த முடிந்தவர் மட்டும் தப்பிப்பார். கடலோர இராமநாதபுரத்தில் ஆழத்தில் பல இடங்களில் உப்பு நீர்தான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் சாதி பற்றியது. உத்திரமேரூர்ச் சபையில் இடம்பெற நிலமும் வேதப் படிப்பும் கேட்டார்கள். உழைத்தவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. நீர்ப்பாய்ச்சிகளில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மழைவெள்ளத்தில் உயிரைப் பணயம் வைத்து மடை திறந்தவர் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டார். அந்த ஏற்பாட்டை அப்படியே மீட்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். அவர்களுடைய பிள்ளைகள் அந்த வேலையை விட்டு வெளியேறியது நியாயம். ஆனால் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு: பொதுச் சொத்தைப் பேணுகிறவருக்கு அதன் விளைச்சலில் உரிமைப் பங்கு வேண்டும். சாதியோடு கட்டிப்போட்டிருந்த அந்தப் பங்கைச் சம்பளமாகவும் வாக்குரிமையாகவும் மாற்றிக் கொடுப்பதுதான் நீதி. இழிவோடு பங்கையும் சேர்த்து ஒழித்ததால் வேலை நின்றது. அவர்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

வண்டலால் இக்காலத்தில் என்ன விளைச்சல் கூடிவிடும் என்ற ஐயத்துக்கு இன்னொரு தென்மாநிலத்தில் விடை இருக்கிறது. தெலங்கானா 2015-இல் தொடங்கிய மிஷன் காகதீயாவில், அரசு ஏரியைத் தூர் வாரியது. வண்டலை விவசாயிகளே தங்கள் செலவில் ஏற்றிச் சென்றார்கள். பயன் இல்லாவிட்டால் யாரும் சொந்தக் காசில் மண் சுமக்கமாட்டார்கள். எல்லா நிலத்துக்கும் அது பொருந்தாது. கரிசலுக்கு வண்டல் சேர்த்துப் பெரிய பயன் இல்லை. செம்மண்ணுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் அது உரம் என்பதைவிட ஈரத்தைப் பிடித்து வைக்கும் மண் என்பதே முக்கியம். மானாவாரியில் நான்கு நாள் கூடுதலாக ஈரம் நின்றால் இட்ட உரமும் பயிருக்குச் சேரும். ஈரமில்லாத மண்ணில் மூட்டை உரம் வீண்செலவு.

தமிழக அரசு 2017-இல் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டில் விவசாயிகள் வண்டலைக் கட்டணமின்றி எடுக்கவும் வழி செய்தது. 2024-இல் அனுமதி தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கு இறங்கியது. திசை சரிதான். இன்னும் ஒரு படி இறங்கவேண்டும். மீன் குத்தகையும் கருவேல மர ஏலமும் தரும் பணம் அந்தந்தக் கண்மாய்க்கே திரும்பவேண்டும். ஆயக்கட்டுக்காரர்களோடு நிலமற்ற உழைப்பாளிகளும் வாக்குரிமையோடு உட்காரும் பாசனச் சங்கம் வேண்டும். மடை பார்ப்பவருக்கு அது சம்பளம் தரவேண்டும். எவ்வளவு வண்டல், யாருக்கு என்பதை அந்தச் சங்கமே முடிவு செய்து ஊர்ப் பலகையில் எழுதிப்போடட்டும். அளவு மீறினால் வட்டாட்சியர் தலையிடட்டும். கண்மாய் வற்றிக் கிடப்பது சித்திரையிலிருந்து ஆவணி வரைதான். வண்டலை முடிவு செய்யும் அந்த அதிகாரம் பங்குனிக்குள் ஊருக்கு வந்து சேரவேண்டும்.