பிளவுதட்டு மூக்கு அறுவையும் கணினி மாதிரியும்

மேலுதடு ஒரு பக்கம் பிளந்து பிறக்கும் குழந்தைக்கு மூக்கும் கூடவே கோணியிருக்கும். பிளவுள்ள பக்கத்தில் மூக்கு மடல் தட்டையாகிப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் சரிந்திருக்கும். நாசித்துளை அகன்று படுக்கைவாட்டில் கிடக்கும். மூக்கின் நடுச்சுவரின் முன்முனை எதிர்ப்பக்கம் ஒதுங்கி நிற்கும். வாயைச் சுற்றி வளையமாக ஓட வேண்டிய தசை பிளவில் அறுபட்டு, இரு ஓரங்களிலும் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டு எதிரெதிராக இழுப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அடியில் எலும்புத் தாங்கலும் அந்தப் பக்கம் குறைவு. விசைகளின் சமன் குலைந்ததால் வந்த கோணல் என்பதால், அவ்விசைகளைக் கணக்கிட்டுப் பார்ப்பது அறுவைக்கு உதவும்.

குழந்தையின் மூக்கைத் தொட்டால் அதன் வளர்ச்சி குன்றிவிடும் என்ற அச்சம் மருத்துவர்களிடையே நெடுங்காலம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர் ஹெரால்ட் மெக்கோம்ப், தம்மிடம் அறுவை பெற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து அந்த அச்சத்தைப் போக்கினார். இந்தியாவில் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையின் எச். எஸ். அடன்வாலா, உதட்டைத் தைக்கும்போதே மூக்கையும் சீராக்கும் முறையைக் கையாண்டார். ஆனால் எந்தத் தையல் எவ்வளவு இழுவையைத் தாங்குகிறது என்பது அனுபவம் மிக்க கண்ணுக்கும் புலப்படாது.

இதைக் கணிக்க ஃபைனைட் எலிமென்ட் முறை பயன்படுகிறது. சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பு, குருத்தெலும்பு, தோல் ஆகியவை தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டு முப்பரிமாண வடிவமாகின்றன. அவ்வடிவம் ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் விறைப்பைக் குறிக்கும் யங் குணகமும், இழுக்கும்போது குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பதைக் குறிக்கும் பாய்ஸான் விகிதமும் தரப்படுகின்றன. மூக்கு மாதிரிகளில் எலும்புக்கு 15 கிகாபாஸ்கல் அளவிலும், குருத்தெலும்புக்கு 1 மெகாபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவாகவும் யங் குணக மதிப்பு கொடுப்பதுண்டு. வேறுபாடு பத்தாயிரம் மடங்குக்கு மேல். எனவே எலும்பை அசையாத அடித்தளமாகக் கொள்வதில் தவறில்லை. பிறகு தசையின் இழுப்பை ஒரு பக்கம் மாற்றியோ, நடுச்சுவரை நடுவே நகர்த்தியோ, மடல் குருத்தெலும்பைத் தையலால் தூக்கியோ பார்த்தால், தகைவு எங்கே குவிகிறது, மூக்கு நுனி எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பது தெரியவரும். ஒரே நோயாளியிடம் நான்கு விதமாக அறுவை செய்து பார்க்க இயலாது, மாதிரியில் இயலும். மாதிரியின் பெரும்பயன் இதுவே.

இப்பணிக்கு அறுவை மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்து உட்கார வேண்டும். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் அதற்கான வாய்ப்பு நிறையவே உண்டு. நாவலூரில் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள்; அதே சாலையில் தெற்கே கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவக் கல்லூரி; காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் பொறியியலோடு மருத்துவமும் கற்பிக்கப்படுகிறது.

இந்தக் கணினி மாதிரி முறையின் குறைகளும் சிறியவை அல்ல. சி.டி.யில் குருத்தெலும்பு தெளிவாகத் தெரியாது; எம்.ஆர்.ஐ.யில் தெரியும், ஆனால் கைக்குழந்தை அசையாதிருக்கப் பெரும்பாலும் மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். பிறந்த சில வாரங்களில் குருத்தெலும்பு எளிதில் வளையக்கூடியது. அறுவைக்கு முன்பே அச்சுக் கருவியால் மூக்கை வடிவமைக்கும் சிகிச்சை இந்த மென்மையையே நம்பியிருக்கிறது. ஆகவே பெரியவர்களின் திசுவில் அளந்த எண்களைக் குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது. தழும்பு சுருங்குவதும் முகம் வளர்வதும் பெரும்பாலான மாதிரிகளில் இடம்பெறுவதில்லை. அவை காட்டுவது தையல் போட்ட நேரத்து நிலையை மட்டுமே. முக வளர்ச்சி ஓய்ந்த பிறகு, பதின்பருவத்தின் இறுதியில் செய்யும் மூக்குத் திருத்த அறுவைக்கே இம்மாதிரிகள் இப்போது கூடுதலாகப் பொருந்துகின்றன.