தலையில் அடி... ஒண்ணுமில்ல, எழுந்திரு!

ஓசூர் ரோடு வழியாக பெங்களூருக்குள் நுழையும் நம்ம ஊர்க்காரர்களுக்கு நிம்ஹான்ஸ் தெரியாமல் இருக்காது. 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974-ல் இணைந்து பிறந்தது அது. அதே 1974-ல்தான் கிளாஸ்கோ டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் தலைக்காயத்துக்கு மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மார்க்.

சிக்கல் என்னவென்றால், 15-க்கு 15 வாங்கியவருக்கும் கன்கஷன் இருக்கலாம். மூளை குலுங்கி, அதன் வேலை தற்காலிகமாகத் தடுமாறுவதுதான் கன்கஷன். மயக்கம் வரவேண்டும் என்றில்லை. சி.டி. ஸ்கேனும் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும்.

கிரிக்கெட்டிலிருந்தே பார்ப்போமே. 1962-ல் பார்படாஸில் கிரிஃபித் பந்து நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. உயிர் பிழைத்தார், ஆனால் அதன்பின் டெஸ்ட் ஆடவில்லை. அது கண்ணுக்குத் தெரிந்த காயம். தெரியாத காயத்துக்கு விதி வர 2019 ஆனது. அந்த ஆண்டுதான் ஐ.சி.சி. கன்கஷனுக்கு மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தது.

2020 ஜனவரியில் மும்பையில் ஹெல்மெட்டில் அடி வாங்கிய ரிஷப் பந்த், தேறுவதற்கு வந்தது நம்ம பெங்களூரு கிரிக்கெட் அகாடமிக்குத்தான். அதே டிசம்பரில், கான்பெராவில் சேலம் நடராஜன் அறிமுகமான டி20 மேட்ச் ஞாபகமிருக்கிறதா? ஜடேஜா அடி வாங்கிய பிறகும் ஆடி முடித்தார். தலைசுற்றல் டிரெஸ்ஸிங் ரூமில்தான் தெரிந்தது. அவருக்குப் பதில் வந்த சாஹல் 3 விக்கெட் எடுக்க, ஆஸ்திரேலியக் கோச் லாங்கர் கோபப்பட்டது தனிக்கதை :-)

அறிகுறி தாமதமாக வரலாம் என்பதுதான் இதில் பாடம்.

சரி, பிசியோதெரபிஸ்ட் என்ன பார்ப்பார்? தலைவலி, குமட்டல், வெளிச்சக் கூச்சம் உண்டா என்று கேட்பார். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கவைப்பார் (பேங்க்காரன் மட்டுமா பேலன்ஸ் பார்ப்பான்!). கழுத்தையும் கண் அசைவையும் சோதிப்பார். முன்பெல்லாம் இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைப்பார்கள். இப்போது ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, படிப்பு, கடைசியில்தான் விளையாட்டு.

அபார்ட்மென்ட் கிரவுண்டில் உங்கள் பிள்ளை தலையில் அடிபட்டால் "ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்று மறுபடி பேட்டைக் கையில் கொடுக்காதீர்கள். அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, அசாதாரணத் தூக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி யோசனை சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.