வரதய்யபாளையத்து ஏசியும் நட்சத்திர முத்திரையும்: வீட்டு மின்சிக்கனத் திட்டங்கள் ஒரு பார்வை

தமிழக எல்லையையொட்டிய வரதய்யபாளையம், 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திராவில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இந்த மண்டலத்திலும் அருகிலுள்ள சத்தியவேடு மண்டலத்திலும் பரந்துள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரம், நாட்டின் முக்கிய ஏசி உற்பத்தி மையங்களுள் ஒன்று. டைகின், புளூ ஸ்டார் ஆலைகள் இங்கு இயங்குகின்றன. ரூ.5,001 கோடி மதிப்பிலான எல்ஜி ஆலைக்கு 2025 மே 8 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

ஏசியின் முகப்பில் ஒட்டப்படும் நட்சத்திர முத்திரையே வீட்டு மின்சிக்கனத்துக்கான மத்திய அரசின் முதன்மைக் கருவியாகும். 2001-ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டப்படி 2002 மார்ச்சில் அமைக்கப்பட்ட எரிசக்தி திறன் செயலகம், 2006-இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. ஏசி ஒரு பருவத்தில் வெளியேற்றும் வெப்பத்தை, அதற்குச் செலவாகும் மின்சாரத்தால் வகுத்து வரும் எண்ணே மதிப்பீட்டின் அடிப்படை. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அட்டவணையில், ஸ்பிளிட் ஏசிக்கு இந்த எண் 3.8 இருந்தால் மூன்று நட்சத்திரம். 5 இருந்தால் ஐந்து நட்சத்திரம். அதே குளிர்ச்சிக்கு ஐந்து நட்சத்திர ஏசி சுமார் 24 சதவீதம் குறைவான மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளும்.

நட்சத்திரங்களின் மதிப்பு நிலையானதன்று. 2018 அட்டவணையில் ஐந்து நட்சத்திரம் பெறப் போதுமாக இருந்த 4.5, 2022-இல் நான்காகக் குறைந்தது. 2026 ஜனவரி முதல் வரம்புகள் மீண்டும் உயர்ந்துள்ளன. பழைய இருப்பைத் தள்ளுபடியில் வாங்குவோர், முத்திரையிலுள்ள ஆண்டைப் பார்ப்பது அவசியம்.

இருப்பினும், கூடுதல் விலையைக் கொடுக்க இயலாத குடும்பத்துக்கு முத்திரையால் மட்டும் பயனில்லை. எல்இடி பல்பு விஷயத்தில் இத்தடை நீக்கப்பட்டது. 2014-இன் பிற்பகுதியில் குண்டூர் உள்ளிட்ட ஆந்திர மாவட்டங்களில் பல்பு ஒன்று ரூ.10-க்கு வழங்கப்பட்டது, எஞ்சிய தொகையை மின் விநியோக நிறுவனம், மிச்சமாகும் மின்சாரத்தின் கணக்கில் தவணைகளாகச் செலுத்தியது. 2015 ஜனவரி 5 அன்று 'உஜாலா' திட்டம் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. இதன்கீழ் 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் விநியோகிக்கப்பட்டன. மொத்தமாக வாங்கியதால், 2014 தொடக்கத்தில் ரூ.310 ஆக இருந்த கொள்முதல் விலை 2016-இல் ரூ.38 ஆகச் சரிந்தது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்புக்குப் பதிலாக 9 வாட் எல்இடி பொருத்தினால், ஆண்டுக்கு ஏறக்குறைய 74 யூனிட் மிச்சம்.

இதே வழியை ஏசிக்கும் பின்பற்றும் முயற்சி 2019-இல் நடந்தது. உஜாலாவை நடத்திய இஇஎஸ்எல் என்ற பொதுத்துறை நிறுவனம், 5.4 மதிப்பீடு கொண்ட 1.5 டன் ஏசியை ரூ.41,300-க்கு முதலில் டெல்லி நுகர்வோருக்கு அளித்தது. இலக்கு 50,000 ஏசிகள். ஆனால், பல்பைப் போல அது வீடுதோறும் சென்று சேரவில்லை. விலை வேறுபாடு இன்றும் வாங்குபவர் தலையிலேயே விழுகிறது.

முத்திரையில் அச்சிடப்படும் ஆண்டு மின்நுகர்வு, 1,600 மணி நேரப் பயன்பாட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கோடையில் இரு மாதங்கள், இரவில் மட்டும் ஏசி போடும் வீட்டுக்கு இந்த நேரம் மிக அதிகம். அங்கு கூடுதல் விலையை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். செலவின்றிக் கிடைக்கும் சேமிப்பு ஒன்று உண்டு. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் இயக்கியதும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தி திறன் செயலகம்.