தாயும் சேயும் பிழைத்த கதை: செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு இழை

1/ செஞ்சின்னா கோட்டை, ராஜா தேசிங்கு. அந்த வரலாறு எல்லாருக்கும் தெரியும். அதே செஞ்சிக்குப் பக்கத்துல, வல்லம் மாதிரி ஊர்கள்ல, தாயும் சேயும் சாகுறது எப்படிக் குறைஞ்சதுங்கிற வரலாறு? அதை யாரும் பெருசா சொல்றதில்ல. இந்த இழை அதுக்குத்தான்.

2/ 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 113 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-ல் அது 13. பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டுமா காரணம்? எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-லேயே வந்தாச்சு. ஆனா வல்லத்துல இடுப்புவலி வந்த பொண்ணுக்கு எழும்பூர் ரொம்ப தூரம்.

3/ அடித்தளம் 1939-ல் விழுந்தது. அந்த வருட மதராஸ் பொது சுகாதாரச் சட்டம், தாய் சேய் நலத்தை உள்ளாட்சியின் கடமையாக்கியது. நோயாளி தேடி வரட்டும்னு காத்திருக்காம, ஊருக்குள்ள போகணும் என்பதற்கு சட்டமே வழி திறந்தது.

4/ அடுத்த திருப்பம் 1980. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கியது. கையில் இருந்த முக்கியக் கருவி எது தெரியுமா? எடைத் தராசு!

5/ 6 முதல் 36 மாதக் குழந்தைகளுக்கு மாசாமாசம் எடை. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறினால் நிறுத்திவிடுவார்கள். உருண்டையைச் சின்னதா செஞ்சதுக்கும் காரணம் உண்டு. பெருசா இருந்தா, வீட்டுச் சோறு குறைஞ்சிடும்.

6/ பணியாளர் தேர்வுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அதே ஊர்ப் பெண். ஏழை, ஆனா தன் பிள்ளைகளை ஆரோக்கியமா வளர்த்தவரா இருந்தா முன்னுரிமை. அவர் சொன்னா, “உனக்கென்னம்மா, வசதி இருக்கு”ன்னு யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

7/ கூடவே, சுமார் 5000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊர் அழைப்பது நர்ஸம்மா. எந்த வீட்டில் யார் கர்ப்பம், யாருக்கு ஊசி பாக்கி, எல்லாம் அவர் பதிவேட்டில் இருக்கும்.

8/ 1987-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம். தொடக்கத்தில் 300 ரூபாய், 2018-ல் 18,000. கடலை பிடுங்கப் போகாவிட்டால் கூலி இல்லாத வீட்டில், “ரெஸ்ட் எடும்மா” என்ற வார்த்தை மட்டும் வயிற்றை நிரப்பாது.

9/ 1994 முதல் மகப்பேறு மரணத் தணிக்கை. “விதி”ன்னு விடாம, ஒவ்வொரு மரணத்திலும் கேள்வி: கிளம்ப முடிவெடுத்தது எப்போ? வண்டி எப்போ கிடைச்சது? ஆஸ்பத்திரியில் சிகிச்சை எப்போ தொடங்குச்சு? 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-ல் 108 ஆம்புலன்ஸ் எல்லாம் இந்தத் தாமதங்களுக்கான பதில்கள்.

10/ 2018-20 கணக்கில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54.

11/ கதை முடியலீங்க. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு-5 (2019-21) படி நம் மாநிலப் பிரசவங்களில் 99.6% மருத்துவமனையில். ஆனா கர்ப்பிணிகளில் 48.3% பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட அதிகம்!

12/ பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் நல்ல ஹீமோகுளோபின் உள்ள பெண் பெரும்பாலும் தாங்குவார். 7 கிராமோடு வருபவருக்கு அதே அரை லிட்டர் உயிர்ப் பிரச்சினை. லேபர் வார்டில் அதைச் சரிசெய்ய எங்களுக்கு நேரம் இருக்காது. அது முன்னாடியே, வீட்டில் சரியாக வேண்டியது.

13/ அதனால மூணே விஷயம். மாதவிடாய் தள்ளிப்போனதும், 12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்தாதீர்கள். நர்ஸம்மா வந்தா வாசல்லயே பேசி அனுப்பாம, உட்கார வைத்துப் பேசுங்கள். 113-ஐ 13 ஆக்கியதில் அவர் நடந்த நடைக்கும் பங்கு உண்டு.